எல்லாமே அவசரம்

கணினியில் இருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு நினைப்பு உண்டு: தான் சொல்ல வந்ததுதான் உலகத்திலேயே முக்கியமான சேதி என்று.

என் மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளம், அதன் மேல் திரையையும் சாளரங்களையும் கவனித்துக்கொள்ளும் மேசைத்தளமாக க்னோம். அறிவிப்பு வந்தால் திரையின் உச்சியில், நட்டநடுவில் ஒரு பட்டை இறங்கும். பிரவுசரின் டேப்கள் இருப்பதும் அங்கேதான். டேப்பை அழுத்தப் போகிற நேரம் பார்த்துத்தான் அது இறங்கும். சரி, சில நொடியில் போய்விடும் என்று மவுஸை அங்கேயே வைத்துக் காத்திருந்தால் போகாது. அம்புக்குறி பட்டையின் மேல் இருக்கும்வரை, நாம் வாசித்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்து மரியாதையாக நிற்கும். அது போகட்டும் என்று நாம் காத்திருக்க, நாம் வாசித்து முடிக்கட்டும் என்று அது காத்திருக்க, டேப் பாட்டுக்குக் கீழே கிடக்கும்.

இதற்கு 2009-இல் உபுண்டு 9.04 என்கிற லினக்ஸ் பதிப்பு ஒரு வழி கண்டுபிடித்தது. மவுஸ் கிட்டே போனால் அறிவிப்பு மங்கிப்போகும், அழுத்தினால் அதன் பின்னால் இருப்பதில் போய் விழும். தொல்லை இல்லைதான். ஆனால் அதைத் தொடவும் முடியாது, மூடவும் முடியாது, அதுவாகப் போனால்தான் உண்டு.

போன வாரம் ஆன்லைன் மீட்டிங். என் திரையைப் பகிர்ந்து ஒரு புது மென்பொருளை விளக்க வேண்டும். முன்ஜாக்கிரதையாக, அறிவிப்புகளைத் தடுக்கும் 'தொந்தரவு செய்யாதே'வைப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் பட்டை இறங்கியது: "காப்புப் பிரதி தொடங்குகிறது." மூடினேன். "படங்கள் கோப்புறை முடிந்தது." மூடினேன். "ஆவணங்கள் கோப்புறை முடிந்தது."

"என்ன சார் அது, மேல வந்துட்டே இருக்கு?" என்றார் மேலாளர்.

"பேக்கப் ஓடுது சார்."

"நல்ல பழக்கம்."

என்னிடம் கோப்புறைகள் நிறைய. கொஞ்ச நேரத்தில் அந்தப் பாராட்டு அவர் குரலில் இல்லை. "வர்றதை எல்லாம் பார்க்காம மூடிட்டே போங்க சார். எல்லாம் அதே தொல்லைதான்" என்றார். மேலாளர் சொன்னால் தட்ட முடியுமா? மூடிக்கொண்டே போனேன். அந்த வரிசையில் பேட்டரி எச்சரிக்கையும் வந்தது, அதுவும் போனது. முக்கியமான இடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது திரை கறுத்தது.

சார்ஜரை மாட்டித் திரும்ப உள்ளே வந்தால், பேட்டரி அறிவிப்பைக் கூட்டத்தில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள்! "சொல்லலாம்னுதான் இருந்தேன் சார், ஆனா மூடிட்டே போங்கன்னு அவரே சொல்லிட்டாரே" என்று ஒருவர் தனிச்செய்தி அனுப்பினார். அதுவும் பட்டையாக இறங்கியிருக்கும். 'தொந்தரவு செய்யாதே' அதை மட்டும் ஒழுங்காகத் தடுத்துவிட்டது.

ஒழுங்கான சேதியைத் தடுத்த கதவு, பேக்கப்பை மட்டும் எப்படி உள்ளே விட்டது? அன்று மாலை, நிரல்கள் தங்களுக்குள் சேதி அனுப்பும் டி-பஸ் என்கிற பாதையை வேவு பார்க்கும் டி-பஸ் மானிட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். லினக்ஸ் மேசைத்தளங்களில் நிரல்கள் அறிவிப்பு அனுப்புவது டி-பஸ் வழியாக, அதற்கென்று ஒரு பொது விதிமுறையும் உண்டு. அறிவிப்போடு அவசரத்தின் அளவையும் சேர்த்து அனுப்பலாம். 0 என்றால் குறைவு, 1 சாதாரணம், 2 ஆபத்து. 2 என்று வந்தால் தானாக மறையக் கூடாது, நாம் மூடும்வரை நிற்க வேண்டும் என்கிறது விதிமுறை. க்னோம் இன்னும் ஒரு படி மேலே போய், 2-ஐ மட்டும் 'தொந்தரவு செய்யாதே'வையும் தாண்டி விட்டுவிடும். பேட்டரி சாகப்போகிற நேரத்துக்கு அது நியாயம்தான். ஆனால் எது ஆபத்து என்று தீர்மானிப்பது அனுப்புகிற நிரல். தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்தி மார்க் போட்டுக்கொள்வது மாதிரி.

எங்கள் பேக்கப் மகாராஜா எல்லாவற்றுக்கும் 2 போட்டிருந்தார். தொடங்கினால் ஆபத்து, முடிந்தால் பேராபத்து. அதோடு, பழைய அறிவிப்பின் எண்ணைக் கொடுத்தால் புதிய பட்டை சேர்க்காமல் அதே பட்டையில் எழுத்தை மாற்றிக்கொள்ளும் வசதியும் விதிமுறையில் இருக்கிறது. அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் பூஜ்யம். அதனால் ஒவ்வொரு கோப்புறைக்கும் புத்தம்புதுப் பட்டை.

அமைப்புகளில் போய் இந்த நிரலின் அறிவிப்பை மட்டும் அணைக்கலாம் என்று பார்த்தால் பட்டியலில் ஆளே இல்லை. உள்ளே நோட்டிஃபை-சென்ட் என்கிற அறிவிப்பு அனுப்பும் கட்டளையை அழைக்கிற ஒரு குட்டி ஸ்கிரிப்ட் அது. முறையாகத் தன்னை அறிமுகம் செய்துகொண்ட செயலிகளுக்குத்தான் பட்டியலில் இடம்.

நண்பரிடம் புலம்பினேன். அவர் க்னோமுக்குப் போட்டியான கே.டி.இ. பிளாஸ்மா மேசைத்தளத்தின் பக்தர், இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி ஆரம்பித்தார். "எங்க ஊர்ல 2019-லயே, 5.16 பதிப்புலயே அறிவிப்பை எல்லாம் புதுசா எழுதிட்டாங்க. கோப்பு நகலெடுத்தா ஒரே பெட்டி, அதுக்குள்ளயே முன்னேற்றம் ஓடும். அடுத்த பதிப்புல, ப்ரொஜெக்டர்ல திரையை அப்படியே காட்டினா தொந்தரவு செய்யாதே தானாவே விழுந்துடும்." க்னோமும் சும்மா இல்லை, 2025-இல் வந்த 48-ஆம் பதிப்பில் ஒரே செயலியின் அறிவிப்புகளை ஒன்றாக அடுக்கிவிடுகிறார்கள் என்றேன். "அடுக்கினா மட்டும் 2 போடறவன் 1 போட ஆரம்பிச்சுடுவானா?" என்றார். அங்கே என்னிடம் பதில் இல்லை.

எனக்கு வேண்டியது அதுதான். 'இவர் சொல்லும் 2 எல்லாம் என் கணக்கில் 0' என்று எழுதிவைக்க ஓர் இடம். அறிவிப்புகளை வாங்கிக் காட்டும் டன்ஸ்ட் என்கிற சின்ன நிரலில் இப்படி விதி எழுதலாம். ஆனால் க்னோமில் அறிவிப்பு வாங்குகிற வேலையை அதன் திரையை நடத்தும் க்னோம் ஷெல்லே வைத்திருப்பதால் டன்ஸ்டுக்கு அங்கே இடமில்லை.

கடைசியில் ஸ்கிரிப்டிலேயே கை வைத்தேன். 'கிரிட்டிக்கல்' (அதாவது 2) இருந்த இடங்களில் 'லோ' (அதாவது 0) போட்டு, முதல் பட்டையின் எண்ணை வாங்கிவைத்து மற்றவற்றை எல்லாம் அதன் மேலேயே எழுத வைத்தேன். பேக்கப் தோற்றுப்போனால் மட்டும் 2. மாற்றத்தை அதை எழுதியவருக்கும் அனுப்பினேன். பொறுமையாகப் படித்துப் பதில் போட்டிருந்தார்: முடிந்தது என்பதெல்லாம் அவசரமில்லை என்று ஒத்துக்கொள்கிறாராம், அந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொண்டாராம். ஆனால் 'தொடங்குகிறது' மட்டும் 2-ஆகவே இருக்கட்டுமாம். பேக்கப் எடுக்க ஆரம்பிப்பதுதானே சார் ரொம்ப முக்கியம் என்று கேட்கிறார்.