கூடத்து ரௌட்டரிலிருந்து மொட்டை மாடித் தொட்டி வரை

ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர்கள் மாட்டிச் சென்ற ரௌட்டர், கீழ்த்தளத்துக் கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. கைபேசிகளும் மடிக்கணினியும் கடவுச்சொல்லைக் கொடுத்தவுடன் இணைந்துவிட்டன. தொலைக்காட்சி ஒரு முழ தூரத்தில் இருப்பதால் அதற்கு வைஃபையே வேண்டாம் என்று ஒரு லேன் கேபிளைச் செருகிவிட்டேன். இணைய மறுத்து என்னை வேலை வாங்கியவை மூன்று: பழைய பிரிண்டர், விளக்குகளுக்காக வாங்கிய இரண்டு ஸ்மார்ட் பிளக்குகள், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை அறிய நானே செய்த ஒரு சிறிய கருவி. மூன்றும் வெளியில் காட்டிய அறிகுறி 'இணைப்பு இல்லை' என்ற ஒன்றேதான். காரணங்களோ ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை.

பிரிண்டரிலிருந்து தொடங்கினேன். அதன் சிறிய திரையில் எங்கள் வைஃபையின் பெயர் தெரிந்தது. மேல்-கீழ் அம்புக்குறிப் பொத்தான்களால் ஒவ்வோர் எழுத்தாகக் கடவுச்சொல்லை உருட்டி எடுத்து உள்ளிட்ட பிறகு, கடவுச்சொல் தவறு என்று சொல்லிவிட்டது. கடவுச்சொல் சரியாகத்தான் இருந்தது. ரௌட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று அமைக்கப்பட்டிருந்ததே தடை. அந்த முறை 2018-இல் வந்தது. அதற்கு முன் தயாரான கருவிகளுக்கு 2004-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 வரையில்தான் தெரியும். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையைத் தேர்ந்தெடுத்ததும் பிரிண்டர் இணைந்துகொண்டது. கடவுச்சொல் இல்லாமலே கருவியை இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். பொத்தானை அழுத்தியிருந்தால் எழுத்துகளை உருட்டும் வேலை மிச்சமாகியிருக்கும் என்று சிலர் சொல்லலாம். ஆனால் அந்த ஏற்பாட்டின் எட்டு இலக்க எண்ணில் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம் என்பதாலும், மீதியை ரௌட்டர் இரண்டு பாதிகளாகத் தனித்தனியே சரிபார்ப்பதாலும், சுமார் 11,000 முயற்சிகளுக்குள் அதை ஊகித்துவிட முடியும் என்பது 2011-இலேயே வெளிப்பட்டுவிட்டது. எங்கள் ரௌட்டரில் அதை முழுவதுமாக அணைத்து வைத்திருக்கிறேன்.

இணைந்த பிரிண்டர், மின்சாரம் போய் வந்த பிறகு மறுபடியும் காணாமல் போனது. இம்முறை வைஃபை இருந்தது, முகவரிதான் மாறியிருந்தது. ரௌட்டரின் டி.எச்.சி.பி. பகுதி, வருகிற கருவிகளுக்குக் காலியாக உள்ள எண்ணை எடுத்துக் கொடுக்கிறது. மடிக்கணினியோ பிரிண்டரைப் பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருந்தது. பிரிண்டரின் மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாளக் குறியைக் குறித்து, அதற்கு 192.168.1.50 என்ற எண்ணை நிரந்தரமாக ஒதுக்கியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. இதே ஒதுக்கீட்டைக் கைபேசிகளுக்கும் செய்ய விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14 ஆகியவற்றிலிருந்து கைபேசிகள் தம் உண்மையான மேக் முகவரியை மறைத்து, வைஃபைக்கு என்று புனைந்த ஒன்றைக் காட்டுகின்றன. முகவரியின் இரண்டாவது குறி 2, 6, ஏ (A), ஈ (E) ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது புனைந்தது என்று பார்த்தவுடனே தெரிந்துகொள்ளலாம். பெட்டியில் அச்சிட்ட முகவரியை நம்பி ஒதுக்கீடு செய்தால் அது பலிக்காது.

ஸ்மார்ட் பிளக்குகளின் கதை வேறு. அவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகள் மட்டுமே கேட்கும். எங்கள் ரௌட்டர் 2.4, 5 ஆகிய இரண்டையும் ஒரே பெயரில் ஒலிபரப்பி, எந்தக் கருவியை எதில் வைப்பது என்பதைத் தானே முடிவு செய்கிறது. அமைக்கும் நேரத்தில் கைபேசி 5-இல் நின்றுகொள்ள, செயலி பிளக்கைத் தேடித் தேடி இறுதியில் கைவிட்டது. ரௌட்டரில் 5-ஐச் சற்று நேரம் அணைத்துவிட்டுச் செய்ததும் இரண்டும் உடனே இணைந்தன. பிறகு 5-ஐத் திரும்ப இயக்கியபோதும் அவை விலகவில்லை. ஆயினும் பிளக்குகள் எங்கள் கணினிகளுடன் ஒரே வலையில் இருப்பது எனக்கு உவப்பாக இல்லாததால், விருந்தினருக்கான தனி வைஃபையை 2.4-இல் மட்டும் தொடங்கி அவற்றை அங்கே மாற்றினேன். அதற்கு ஒரு விலை உண்டு. அந்த வலை வீட்டின் மற்றக் கருவிகளிலிருந்து துண்டிக்கப்பட்டிருப்பதால், கட்டளை இணையம் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் பிளக்கை அடைகிறது. இணையம் இல்லாத வேளையில் செயலி பயன்படாது, சுவிட்சைக் கையால்தான் போட வேண்டும்.

தொட்டிதான் உண்மையான வேலை. ஈ.எஸ்.பி.8266 என்ற சிறிய வைஃபை பலகையையும், நீர் புகாத மீயொலி உணரி ஒன்றையும் இணைத்துத் தொட்டியின் மூடிக்கடியில் பொருத்தியிருந்தேன். கைபேசியில் ஒரு அளவீட்டுச் செயலியை வைத்துக்கொண்டு வீடு முழுவதும் நடந்தபோது, கூடத்தில் -48 டி.பி.எம். ஆக இருந்த சிக்னல் மாடி அறையில் -69 ஆகவும், தொட்டியருகே -84 ஆகவும் இறங்கியது. பத்து எண் குறைந்தால் வலிமை பத்தில் ஒன்றாகிவிடும் கணக்கு இது; ஆகவே தொட்டிக்குப் போய்ச் சேர்வது கூடத்தில் கிடைப்பதில் சுமார் நாலாயிரத்தில் ஒரு பங்கு. கம்பி கட்டிய இரண்டு கான்கிரீட் தளங்களைத் தாண்டிய பிறகு அதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது.

வைஃபை நீட்டிப்பான் ஒன்றை வாங்கி மாட்டுவதுதான் கடைக்காரர் சொன்ன வழி. வந்த சிக்னலையே பிடித்து அதே அலைவரிசையில் திரும்பச் சொல்லும் கருவி, வேகத்தைப் பாதியாக்கும் என்பதால் அதை நான் விரும்பவில்லை. பரணில் கிடந்த பழைய ரௌட்டரை எடுத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, டி.எச்.சி.பி.-ஐ அணைத்து, கீழிருந்து மாடிப்படி வழியாக இழுத்த கேட்-6 கேபிளை அதன் லேன் துளை ஒன்றில் செருகினேன். இணையம் நுழைவதற்கான வேன் (WAN) துளையில் செருகினால் வீட்டுக்குள் இரண்டு தனி வலைகள் உருவாகி, மாடியிலிருந்து பிரிண்டர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். வைஃபையின் பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு முறை ஆகிய மூன்றையும் கீழுள்ளதைப் போலவே வைத்தேன். அலைவரிசை எண்ணை மட்டும் மாற்றினேன். 2.4-இல் ஒன்றன்மீது ஒன்று படராமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்றே. அண்டை வீடுகளில் பலவும் 6-இல் இருந்ததால், கீழே 1, மேலே 11 என்று பிரித்தேன். தொட்டியருகே சிக்னல் -63-க்கு ஏறியது.

அப்படியிருந்தும் கருவி அவ்வப்போது துண்டித்துக்கொண்டது. கருவி எழுதிவைக்கும் பதிவைக் கவனித்தபோதுதான், அது வைஃபையை இழப்பதற்கு முன்பே தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்வது தெரிந்தது. அந்தப் பலகை சிக்னலை அனுப்பும் நொடியில் 300 மில்லி ஆம்பியருக்கும் மேல் மின்சாரம் கேட்கும். பழைய சார்ஜரிலிருந்து மாடி வரை இழுத்த மெல்லிய கம்பியில் அந்நேரம் மின்னழுத்தம் விழுந்துவிடுகிறது. தடித்த கம்பியை மாற்றி, பலகையின் மின் உள்ளீட்டில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்த பிறகு துண்டிப்பு நின்றது. வைஃபைக் கோளாறு என்று ரௌட்டரையே குடைந்துகொண்டிருப்பவர்கள் சார்ஜரையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மின்வெட்டு இன்னொரு சோதனை. மின்சாரம் திரும்பியதும் பலகை சில நொடிகளில் விழித்துக்கொள்கிறது; ரௌட்டர் எழுந்து ஃபைபர் இணைப்பைப் பிடிக்க அதற்கு இரண்டு மூன்று நிமிடங்கள் பிடிக்கின்றன. முதல் முயற்சி பலிக்காவிட்டால் ஓய்ந்துவிடாமல், முப்பது நொடிக்கு ஒருமுறை மீண்டும் முயலும்படி நிரலைத் திருத்தினேன். இரண்டு ரௌட்டர்களையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றியாகிவிட்டது.

இப்போது தொட்டியின் மட்டம் அம்மாவின் கைபேசியில் தெரிகிறது. "அப்படியே மோட்டாரும் தானா நின்னுடுமாப்பா?" என்று கேட்டார். செய்ய முடியும், ஆனால் அளவு வராத நேரத்தில் மோட்டார் தானாக நின்றுவிடும்படி வைஃபையைச் சாராத ஒரு மிதவை சுவிட்சைத் தொட்டியில் பொருத்திய பிறகே அதைச் செய்யப் போகிறேன். அந்த சுவிட்சுக்கான குழாயும் கம்பியும் வாங்கி வைத்திருக்கிறேன். தொட்டியைக் கழுவ இறக்கும்போது பொருத்த வேண்டும்.