குள்ளர்களுக்கு ஒரு காதல் திருவிழா: நாட்குறிப்பு

டிசம்பர் 12
எங்கள் பகடை விளையாட்டுக் குழுவில் கதைசொல்லி நான்தான். ஆளுக்கொரு பாத்திரமாக நடிப்பார்கள், நடப்பதைப் பகடை முடிவு செய்யும், மற்ற பாத்திரங்களுக்கெல்லாம் நான் பேசுவேன். அடுத்த ஆட்டம் மாயக் கதைகளில் வரும் குள்ளர்களின் மலைக்குள்ளே. ஜோடி சேரும் திருவிழா ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டார்கள். எழுதிப் பார்த்தேன்: பீப்பாய் பீப்பாயாக மது, தாடிப் பின்னல், வைரம். எல்லாருக்கும் தெரிந்த அதே குள்ளர்கள். கிழித்துப் போட்டாயிற்று.

டிசம்பர் 13
ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழிப் பாட்டு ஒன்றில் ஆல்விஸ் என்ற குள்ளன் இடிக் கடவுள் தோரின் மகளைக் கட்டிக்கொள்ள வருகிறான். தோர் கேள்வி கேட்க ஆரம்பிக்கிறார். பூமியை யார் யார் என்னென்ன பெயர் சொல்லி அழைப்பார்கள், நிலாவை, காற்றை, கடைசியில் பீரை? மொத்தம் 13 கேள்வி. இவனும் சளைக்காமல் பதில் சொல்கிறான். அதற்குள் விடிந்துவிடுகிறது. குள்ளன் மேல் வெயில் பட்டால் கல்தான். மாமனார் கொடுமை என்றால் இதுதான்!

சரி, நம் திருவிழா ஆண்டிலேயே நீளமான இரவில்.

டிசம்பர் 15
மலைக்குள் இருப்பவர்களுக்கு அது எந்த இரவு என்று எப்படித் தெரியும்? அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் ஞாபகம் வந்தது. 5000 ஆண்டுப் பழைய கல்லறை மேடு. ஆண்டிலேயே நீளமான இரவு வரும் டிசம்பர் 21ஐ ஒட்டிய சில நாள் மட்டும், வாசலுக்கு மேலே விட்ட திறப்பு வழியாக விடியல் வெளிச்சம் உள்ளறை வரை போகும். சுமார் 17 நிமிடம். என் மலைக்கும் அப்படி ஒரு துளை. அதில் வெளிச்சம் விழுந்தால் விழா முடிந்தது. அதுவரை வாய் திறக்காதவர்கள் அடுத்த வருஷம் வரலாம்.

டிசம்பர் 16
இன்றைக்குத்தான் விழாவுக்கு உயிர் வந்தது. பரிசு கொடுக்கும் வழக்கத்தையே எடுத்துவிட்டேன். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு செம்புத் தகடு. சுத்தியலால் ஒரு அடி அவன், ஒரு அடி அவள். விடிவதற்குள் கிண்ணமாக்க வேண்டும். செம்பை அடிக்க அடிக்க விறைத்துக்கொள்ளும். முதலில் சுத்தியல் மெத்தென்று இறங்கும். அப்புறம் சத்தம் மாறி ணங் என்று திருப்பி உதைக்கும். அதோடு நிறுத்தி, மங்கலாகச் சிவக்கும்வரை உலையில் காட்டினால் மறுபடி இளகிவிடும். வீம்புக்கு அடித்தால் விளிம்பு பிளக்கும். சுற்றி நிற்கும் கிழவிகள் கிண்ணத்தின் அழகைப் பார்ப்பதில்லை. "போதும், சூடு காட்டலாம்" என்று யார் முதலில் சொல்கிறார்கள் என்பதில்தான் அவர்கள் காது.

டிசம்பர் 18
"வேண்டாம்னா எப்படிச் சொல்றது?" என்றாள் தோழி. அதை நான் அதுவரை யோசிக்கவே இல்லை. கிண்ணத்தைப் பொது உலையில் போட்டுவிட்டுப் போகலாம், யாரும் காரணம் கேட்கக் கூடாது. செம்பு 1085 டிகிரியில் உருகும். அதோடு வெள்ளீயம் சேர்த்தால் வெண்கலம். அடுத்த வருஷத் திருவிழாவுக்கு அடிக்கிற மணி அதில்தான் வார்க்கிறார்கள்.

டிசம்பர் 21
ஆடினோம். ஒருவன் தன் குள்ளனை நிறுத்தவே விடவில்லை. பகடையை உருட்டினான், அடித்தான், மறுபடி உருட்டினான். மூன்றாவது முறை பகடையில் ஆகக் குறைந்த எண், ஒன்று, விழுந்தது. விளிம்பிலிருந்து அடிவரை கிண்ணத்தில் விரிசல். அந்தக் குள்ளனின் ஜோடிக்காகப் பேச வேண்டியவன் நான்.

"உலை பக்கத்துலதானே இருந்துச்சு?" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பகடையைத் தள்ளி வைத்துவிட்டு, தன் குள்ளனே கிண்ணத்தைப் பொது உலைக்கு எடுத்துப் போகிறான் என்றான்.