ஆப்ஷன் வாங்கியவர் அமைதியாகிவிட்டால்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் மறுவிற்பனையில், வாங்குபவருக்கு ஆப்ஷன் (வீட்டை வாங்கும் உரிமை தரும் பத்திரம்) கொடுத்துவிட்டால் 21 நாளுக்கு வேறு யாருக்கும் விற்க முடியாது. சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். கடைசி நாள் மாலை 4 மணிக்குக் காலாவதி. அதனால் ஆப்ஷன் கட்டணமாக உச்சவரம்பான 1,000 வெள்ளியையே கேளுங்கள். வாங்குபவர் பின்வாங்கினால் அது உங்களுக்கு. ஒரே ஒரு வெள்ளி வாங்கினால், அது போவது அவருக்கு வலிக்குமா?

வீட்டுக் கடனோ மசேநியோ (மத்திய சேம நிதி) பயன்படுத்தி வாங்குபவர், ஆப்ஷன் கொடுத்த அடுத்த வேலை நாளுக்குள் வீட்டின் மதிப்பீட்டுக்கு வீவகவிடம் விண்ணப்பிக்க வேண்டும். மௌனம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். மதிப்பு விலையைவிடக் குறைந்தால் வித்தியாசத்தை ரொக்கமாகக் கட்டணுமே! "மதிப்பீடு எவ்வளவு வந்துச்சு அண்ணே?" என்று வாட்ஸ்அப்பில் சீக்கிரமே கேட்டுவிடுங்கள்.

ஆப்ஷனில் அவர் கையெழுத்திட்டபின், மறுவிற்பனை விண்ணப்பத்தை நீங்கள் முதலில் அனுப்புங்கள். அதிலிருந்து 7 நாளுக்குள் அவரும் அனுப்பியாக வேண்டும்.