எனாமலில் பதியும் பிறந்தநாள்

மனித உடலின் மிகக் கடினமான பொருளான பல் எனாமலை, பல் ஈறுக்குள் மறைந்திருக்கும்போதே அமிலோபிளாஸ்ட் என்னும் செல்கள் உருவாக்கி முடித்துவிடுகின்றன. உள்ளடுக்கான டென்டைன் படியத் தொடங்கிய பின், இவை அமிலோஜெனின் முதலிய புரதங்களைச் சுரந்து, அம்மென்மையான படலத்துக்குள் கால்சியம் பாஸ்பேட் படிகங்களை வளரவிட்டு, பின்னர் நொதிகளால் அப்புரதங்களைச் சிதைத்து அகற்றி, அந்த இடத்தையும் கனிமத்தால் நிரப்புகின்றன. எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமமாக எனாமல் இறுகுவது இவ்வாறுதான்.

என்னை மிகவும் வியக்கவைப்பது, இச்செல்கள் நாளுக்குச் சில மைக்ரோமீட்டர் மட்டுமே முன்னேறி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நுண்வரியை விட்டுச்செல்வது. கருப்பையிலேயே உருவாகத் தொடங்கும் பாற்பற்களில் பிறப்பு ஓர் அழுத்தமான தனிக்கோடாகப் பதிகிறது. அக்கோட்டுக்குப் பிந்தைய வரிகளை நுண்ணோக்கியில் எண்ணி, தொல்லியல் அகழ்வுகளில் கிடைக்கும் குழந்தைகள் எத்தனை நாள் வாழ்ந்தன என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

பல் முளைக்கும்போது அமிலோபிளாஸ்ட்கள் அழிந்துவிடுவதால், இழந்த எனாமலை உடல் மீண்டும் உருவாக்காது. ஆறு வயதளவில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லைப் பாற்பல் என்றெண்ணி, அதன் சொத்தையைப் பெற்றோர் கவனிக்காமல் விடுவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. உமிழ்நீரின் கனிமங்களும் ஃபுளோரைடும் தொடக்கநிலைச் சிதைவைச் சீராக்கும். குழி விழுந்துவிட்டால் அவற்றால் அதை மூட இயலாது.