சுவோன் கோட்டைச் சுவரில் பேருங்க

தென் கொரியாவுல சுவோன் ஊர்க் கோட்டையோட கிழக்கு வாசல் சுவர்ல ஒரு கல்லு, அதுல சீன எழுத்துல வரிசையா ஏதோ செதுக்கியிருக்கு, பாதி தேஞ்சுபோச்சு.

பக்கத்துல நின்னவர்கிட்ட கேட்டேன். கட்டுன ஆளுங்க பேராம். மேற்பார்வை பாத்தவரு, கல்தச்சருனு எல்லாரும்.

கொஞ்ச நேரம் அங்கயே நின்னுட்டேன்.

இந்தக் கோட்டை பேரு சுவோன் ஹ்வாசோங், சுத்தி கிட்டத்தட்ட 5.7 கிலோமீட்டர். ஜோங்ஜோ ராஜா 1794ல ஆரம்பிச்சு 1796லயே முடிச்சிட்டாரு. அதைவிடப் பெரிய விஷயம், அப்புறம் 1801ல அச்சாகி வந்த கணக்குப் புத்தகம். எந்தத் தச்சர் எத்தனை நாள் வேல செஞ்சாரு, என்ன கூலி, எந்தக் கருவி, எல்லாமே படத்தோட இருக்கு. கொரியப் போர்ல கோட்டையில பல பகுதி இடிஞ்சுபோச்சு, அந்தப் புத்தகத்தைப் பாத்துதான் 1970கள்ல திரும்பக் கட்டுனாங்க! 1997ல யுனெஸ்கோ பட்டியல்லயும் வந்துடுச்சு.

கையில பாரம்பரிய இடங்களுக்கான பாஸ்போர்ட் புக் இருக்கு, போற எடத்துல எல்லாம் ஒரு முத்திரை குத்திக்கலாம். இதுவரைக்கும் முத்திரைக்கு அவசரமா ஓடிட்டிருந்தேன்.

இன்னைக்கு முத்திரைக்குக் கீழ பேனாவால எழுதி வச்சேன்: கிழக்கு வாசல், கல்தச்சர் பேர் இருக்கு, மறுபடி வரணும்.