ரிக்டரின் படங்களுக்குக் காவல்

ஜேர்மனியின் கொலோன் நகரில், லுட்விக் அருங்காட்சியகத்தில் எனக்குக் காவலர் வேலை. யாரும் படத்தைத் தொடாமலும் தரையிலுள்ள கோட்டைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றபடி நிற்பதுதான். நிற்கிறவனுக்குப் பொழுது போவது படங்களால். அப்படிப் பார்த்துப் பார்த்தே இந்த நகரில் வாழும் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் என் மனதுக்கு நெருங்கியவரானார்.

அவருடைய 'எமா' இங்கே இருக்கிறது. கருவுற்றிருந்த மனைவி ஆடையின்றி மாடிப்படியில் இறங்கி வருவதைத் தானே வண்ணப் புகைப்படமாக எடுத்து, 1966இல் அதைப் பார்த்து வரைந்தார். உயரம் 2 மீட்டர். எதிர்ச் சுவரோரம் நின்றால், எடுத்தவர் கை சற்று ஆடிவிட்ட புகைப்படம் போலத் தெரியும். கிட்டே வர வர முகம் கலைந்து வெறும் சாயம் மிஞ்சும். ஈரம் காயுமுன் உலர்ந்த தூரிகையை மெல்ல இழுத்து ஓரங்களைக் கலைத்துவிடுவது அவர் வழக்கம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்ப்பவர்கள் உண்டு. அப்புறம் என்னிடம்தான் வருவார்கள்: ஏன் இப்படி மங்கலாக வரைந்திருக்கிறார்?

எனக்கு அதற்கு விடை தந்தது வேறொரு படம். 1965இல் வரைந்த 'மரியன்னே சித்தி'. கைக்குழந்தையாக ரிக்டர், பின்னால் பதின்வயதுச் சித்தி. 1932இல் எடுத்த குடும்பப் புகைப்படம் அதற்கு மூலம். அந்தச் சித்தியை மனநோயாளி என்று முத்திரை குத்திய நாஜிகள் கட்டாயக் கருத்தடை செய்தார்கள். 1945இல் ஒரு மனநல விடுதியில் பட்டினி போட்டுக் கொன்றார்கள். ரிக்டரின் மனைவி எமாவின் தந்தையோ நாஜிகளின் எஸ்.எஸ். படை மருத்துவர். டிரெஸ்டன் மருத்துவமனையில் நடந்த கட்டாயக் கருத்தடைகளில் பங்குள்ளவர். கடற்கரையில் குடும்பத்தோடு அவர் சிரிக்கும் படத்தையும் 1964இல் ரிக்டர் வரைந்திருக்கிறார். இரண்டு படங்களுக்கும் இடையில் கிடந்த இந்த உறவு, சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு பத்திரிகையாளரின் தேடலில்தான் வெளியே வந்தது. குடும்பப் படத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சிரிக்கிறார்கள். யார் கையில் என்ன கறை என்று அது காட்டிக்கொடுக்காது. அது காட்டாததைக் கண்டவர் போல ரிக்டர் வரையவில்லை. அந்த மங்கலை நான் நேர்மை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அவரை உணர்ச்சியற்றவர் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஹிட்லர் ஆட்சியில் சிறுவன். பிறகு கிழக்கு ஜேர்மனியில் அரசு விரும்பிய பாணியில் சுவரோவியம் தீட்டப் பயிற்சி பெற்றவர். 1961இல் மேற்கே தப்பி வந்தவர். உரத்த குரலில் எதையும் சொல்ல அவர் தயங்குவதில் என்ன வியப்பு?

அருங்காட்சியகத்தை ஒட்டியே பேராலயம். போரில் கண்ணாடி போன தெற்குச் சன்னலுக்கு, இருபதாம் நூற்றாண்டில் சமய நம்பிக்கைக்காக உயிர்நீத்த மறைசாட்சிகளின் உருவங்களைத்தான் முதலில் கேட்டார்கள். ரிக்டர் முயன்று பார்த்துக் கைவிட்டார். கடைசியில் 72 நிறங்களில் 11,263 கண்ணாடிச் சதுரங்கள். எது எங்கே என்பதைப் பெரும்பாலும் கணினியின் தற்செயலுக்கு விட்டார். 2007இல் திறந்தபோது, இது மசூதிக்குத்தான் பொருந்தும் என்று பேராயர் கர்தினால் மைஸ்னர் குறைப்பட்டார். கொல்லப்பட்டவர்களின் வேதனையைத் தன் கையால் அலங்கரிக்க ரிக்டருக்கு மனம் வரவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். மங்கலைப் பற்றிக் கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் சித்தியின் கதையைச் சொல்லி, வெயில் இருந்தால் அந்தச் சன்னலையும் பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறேன்.