கண்ணை மூடிக்கொண்டு கலர் சொன்னவர்

எங்கள் அச்சகத்துக்கு வரும் வேலை பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை, லாட்ஜ் பில் புக், மருந்துக்கடை கவர். சிஎம்சிக்கு வைத்தியம் பார்க்க வருகிற வங்காளிகளுக்காக வேலூர் ஓட்டல்காரர்கள் கேட்கும் பெங்காலி மெனு கார்டும் உண்டு. இதற்கு நடுவில்தான் கல்லூரி ஓவிய ஆசிரியர் ஒருவர் பென் டிரைவோடு வந்தார். நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க்கின் அச்சுப் படங்களைப் பிரதியெடுத்துக் கண்காட்சி வைக்கப் போகிறாராம். முங்க் தன்னிடம் இருந்ததையெல்லாம் ஆஸ்லோ நகரத்துக்கே எழுதிவைத்துவிட்டு 1944-இல் இறந்தவர். அவற்றுக்காகவே 1963-இல் அங்கே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். வேலூருக்கு நாங்கள் அடிக்கும் நகல்தான்.

சில பிரதிகள்தான் என்பதால் பிளேட் போட்டு ஓட்டும் ஆஃப்செட் கட்டுப்படியாகாது, டிஜிட்டலில் போட்டோம். ‘முத்தம்’ என்ற மரச்செதுக்குப் படத்தைத் திறந்ததுமே டிசைனர் பையன், “அண்ணா, ஸ்கேன்ல கோடு கோடா விழுந்திருக்கு, க்ளீன் பண்ணிடட்டுமா?” என்றான். ஆசிரியர் பதறிவிட்டார். அது மரத்தின் ரேகை. தாளில் பதியட்டும் என்றே முங்க் விட்டுவைத்தது. பலகையை மெல்லிய ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மை தடவி, மறுபடி சேர்த்து ஒரே அழுத்தில் எடுப்பதும் அவர் வழக்கம். கடற்கரையில் ஆணும் பெண்ணும் முதுகு காட்டி நிற்கும் 1899 படத்தில், பெண்ணைச் சுற்றி அறுத்த இடம் அப்படியே கோடாகத் தெரிகிறது. ரெஜிஸ்டர், அதாவது கலர்மேல் கலர் சரியாக உட்காருவது, மயிரிழை விலகினாலே அடித்த தாள்களைக் கட்டோடு திருப்பி அனுப்புகிற வாடிக்கையாளர்களோடு காலம் தள்ளுகிறவன் நான். அந்தக் கோட்டைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருந்தது.

1896-இல் கல்லச்சில் செய்த ‘நோயுற்ற சிறுமி’ எனக்கு இன்னும் நெருக்கம். எங்கள் ஆஃப்செட்டுக்கு அது பாட்டன் முறை. எண்ணெய் மை தண்ணீரோடு ஒட்டாது என்ற அதே சங்கதி, பிளேட்டுக்குப் பதில் கல். பாரிஸ் அச்சகத்தில் கற்கள் வரிசையாகத் தயாராக இருந்தபோது, முங்க் கண்ணை இறுக மூடி, விரலைக் காற்றில் ஆட்டி, சாம்பல், பச்சை, நீலம், பழுப்பு என்று சொல்லிவிட்டுக் குடிக்கப் போய்விட்டாராம். திரும்பி வந்து மறுபடி கண்ணை மூடி வேறு கலர். கூட இருந்த நண்பர் சொன்ன கதை இது. அந்த மெஷின்காரரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஆனால் அதே முகம் ஒரு தாளில் காய்ச்சலாய்ச் சிவந்தும், இன்னொன்றில் வெளிறியும் நமக்குக் கிடைத்திருக்கிறதே! அந்த முகத்துக்குப் பின்னால் இருப்பது முங்க்கின் அக்கா சோஃபி. அவர் 15 வயதில் காசநோயில் போனபோது முங்க்குக்கு 13.

பில் புக் வாங்க வந்த லாட்ஜ் மேனேஜர் மேஜைமேல் கிடந்த அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, “இந்த மூஞ்சியத்தான் தினம் ரூம் ரூமா பாக்கறேன், இதுக்குக் கண்காட்சி வேறயா?” என்றார். சொன்னவர் கிளம்பவில்லை. எந்தத் தாளில் காய்ச்சல் அதிகம் என்று எனக்கே விளக்கிக்கொண்டிருந்தார்.

கடைசியில், கலர் பார்ப்பதற்காக ஓட்டிக் கழித்த தாள்களையும் ஆசிரியர் கேட்டார். அவற்றைத் தனி வரிசையாக மாட்டப் போகிறாராம். எடைக்குப் போகிற தாள்தானே, சும்மா கொடுக்கலாம் என்றேன். முதலாளி அதற்கும் பில் போடச் சொல்லிவிட்டார்.